பதினேழாம் நம்பர் நாய் ஏன் விழித்தது?

கடித்த நாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கடி வாங்கிய டாக்டரை முதலில் பார்ப்போம் என்று எலிப்பொறி முடிவு செய்தபோது காலை மணி பதினொன்றரை.

எலிப்பொறி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்ததற்காக அந்த ஆபீஸ் சூட்டிய பட்டம். வேலையை விட்டபோது பட்டத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று பார்த்தாள். அது விடாமல் கூடவே வந்துவிட்டது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். மாடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஓர் உதவியாளர். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வு பெற்ற அந்த மனிதரை எல்லோரும் இன்னமும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உடம்புக்கு ஓய்வு கொடுத்தவர் வாய்க்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

"உட்காருங்க," என்று பெரிய டாக்டர் இடது கையால் நாற்காலியைக் காட்டினார். வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை கட்டுக்குள் இருந்தது. மிருக ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த நர்ஸ் எப்படிப் பண்ணினாங்கறதை சாட்சியோட எழுதிக் குடுங்க. சாட்சி இல்லாம வேலையை விட்டு எடுத்தா நாளைக்கே வக்கீலோட வந்து நிப்பா. அஞ்சு மணிக்கு உத்தரவுல கையெழுத்துப் போடப் போறேன்."

"எந்தக் கையால சார்?" என்று கண்டக்டர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

எலிப்பொறி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "முதல்லேருந்து சொல்லுங்க டாக்டர். எனக்கு நாய்ன்னா நாலு கால், ஒரு வால். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

டாக்டர் சொன்னார். ஆப்பரேஷனுக்கு வரும் நாயை எடுத்த எடுப்பில் மயக்கிவிட முடியாது. இடம் புதிது, வாசனை புதிது, பயந்து நடுங்கும். அதனால் முதலில் அதை அமைதிப்படுத்த ஓர் ஊசி. அடங்கிய பிறகுதான் மயக்க ஊசி, அப்புறம் தொண்டையில் குழாய், வாயு எல்லாம். அந்த முதல் ஊசிக்கு இரண்டு மருந்துகள் உண்டு. பழைய மருந்து இதமாகத் தளர்த்தும், ஆனால் அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. புது மருந்து அடித்துப் போட்டதுபோல ஆழ்த்திவிடும், இதயத் துடிப்பையும் குறைக்கும். மாற்று ஊசி ஒன்று போட்டால் சில நிமிஷங்களில் நாய் எழுந்துவிடும். இரண்டில் எது நல்லது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆராய்ச்சி. மொத்தம் அறுபது நாய்கள். பதினாறு முடிந்திருந்தன.

"எந்த நாய்க்கு எந்த மருந்துன்னு நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டின ரூம்ல ஊசியை நிரப்பி, வெள்ளைத்தாள் சுத்தி, நம்பர் போட்டுக் குடுப்பா. ஊசி போடறவங்களுக்குத் தெரியாது. நாய் எவ்வளவு ஆழமா அடங்கியிருக்குன்னு மார்க் போடற சின்ன டாக்டருக்கும் தெரியாது. வெட்டற எனக்கும் தெரியாது."

"நாய்க்கும் தெரியாது," என்றார் கண்டக்டர்.

"செவ்வாய்க்கிழமை பதினேழாம் நம்பர். வயித்துக்கு அடியில கட்டி. முதல் ஊசி போட்டு அரை மணி நேரம் கழிச்சு முழு மார்க் வாங்கிடுச்சு. அவ்வளவு ஆழமா இருக்கிற நாய்க்கு மயக்க ஊசி பாதி போதும். பாதி குடுத்தேன், குழாயை எடுத்தேன். துள்ளி எழுந்து என் கையைக் கவ்விட்டு மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. எந்த நம்பருக்கு எந்த மருந்துங்கற பட்டியலைப் பிரிச்சுப் பார்த்தா அதுக்குப் பழைய மருந்துன்னு போட்டிருக்கு. பழைய மருந்துல எந்த நாயும் முழு மார்க் வாங்காது மேடம்."

"அதனால?"

"அவ தப்பாப் புது மருந்தை நிரப்பிட்டா. அப்புறம் தெரிஞ்சுபோய், வார்டுலேருந்து ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு வர்ற வழியில மாத்து ஊசியைக் குத்தி எழுப்பப் பார்த்திருக்கா. அஞ்சு நிமிஷம் நாயும் அவளும் மட்டும்தான். மாத்து மருந்து இருக்கிற அலமாரிச் சாவியும் அவகிட்டதான்."

கதை கச்சிதமாக இருந்தது. எலிப்பொறிக்கு உறுத்தியதே அதுதான். சுருக்கமே இல்லாமல் ஒரு கதை வந்தால் யாரோ அதை இஸ்திரி போட்டிருக்கிறார்கள் என்று இருபது வருட வேலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"புது மருந்து துடிப்பைக் குறைக்கும்னீங்களே. பதினேழுக்குக் குறைஞ்சுதா?"

"தொண்ணூத்திரண்டுன்னு எழுதியிருக்கு. குறையலை. ஆனா அதை எண்ணி எழுதினதும் அவதானே?"

எலிப்பொறி எழுந்தாள்.

நர்ஸ் சலவை அறையில் பச்சைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மாலையில் வேலை போகப் போகிறது என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு துணியின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து மடித்தாள். ஓரத்தில் ஒற்றை ஸ்டூல், அதன்மேல் மூடி வைத்த ஒற்றை டம்ளர். அந்த ஒற்றை டம்ளரைப் பார்த்ததும் எலிப்பொறிக்குத் தன் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்து மனம் சுருக்கென்றது.

"என்ன நடந்துச்சு சிஸ்டர்?"

"நான் தப்பா எதுவும் பண்ணலை."

"அப்போ நாய் எப்படி முழிச்சுது?"

நர்ஸ் அடுத்த துணியை எடுத்தாள். எலிப்பொறி காத்திருந்து பார்த்தாள். கண்டக்டர் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தார். துணிதான் மடிந்துகொண்டே போனது, வாய் திறக்கவில்லை.

"தப்புப் பண்ணினவங்க வளவளன்னு பேசுவாங்க," என்று வராந்தாவுக்கு வந்ததும் எலிப்பொறி சொன்னாள். "பண்ணாதவங்க அதைவிட அதிகமாப் பேசுவாங்க. இந்தம்மா ரெண்டுலயும் சேரலை."

"சில பேருக்குப் பேச ஆள் இல்லாமப் பழகிப்போயிருக்கும் மேடம்," என்றார் கண்டக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எலிப்பொறிதான் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

சின்ன டாக்டர் படித்து முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். வார்டின் கடைசியில் ஒரு மேஜை, அதன்மேல் பதினேழு தாள்கள். எலிப்பொறி பதினேழாவதை எடுத்தாள். மேலே நாயைப் பற்றிய விவரங்கள், வளர்ப்பவர் நிரப்பியது. வயது ஆறு. எடை பதினெட்டு கிலோ. கண், காது நன்றாக இருக்கிறதா என்ற வரிக்கு ஆம் என்று ஒரு டிக். பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

"பேர் இல்லாத நாயா?" கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஓசி டிக்கெட்ல வந்திருக்கும்."

"வளர்க்கறவர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கறவர். தனி ஆள்," என்றாள் சின்ன டாக்டர். "நாயைத் தவிர யாரும் இல்லைன்னு அவரே சொன்னார்."

தாளின் கீழ்ப் பாதியில் இரண்டு பத்திகள் இருந்தன. ஊசிக்கு முன், ஊசிக்குப் பின். நாய் எப்படிப் படுத்திருக்கிறது, தலை தொங்குகிறதா, கை தட்டினால் திரும்புகிறதா, சாவிக்கொத்தைக் கீழே போட்டால் திரும்புகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். உடனே திரும்பினால் பூஜ்யம், அசையவே இல்லை என்றால் முழு மார்க்.

"எங்க நின்னு தட்டுவீங்க?"

"பின்னாடி. முன்னாடி நின்னா கை அசையறதைப் பார்த்துத் திரும்பிடுமில்ல? தொடவும் கூடாது, தொட்டா கலைஞ்சுடும். பதினேழு சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்துச்சு. நாலு தடவை தட்டினேன். சாவியையும் போட்டேன். ஒரு அசைவு கிடையாது."

"ஊசிக்கு முன்னாடியும் இதே மாதிரி தட்டினீங்களா?"

எலிப்பொறி பதினேழு தாள்களையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தாள். ஊசிக்கு முன் என்ற பத்தியில் எல்லாத் தாளிலும் பூஜ்யங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் போட்டவை.

"முழிச்சு நிக்கற நாய்க்கு எதுக்கு மேடம் கை தட்டணும்?" அவள் குரல் இறங்கிவிட்டது. "எல்லாருமே நேரா பூஜ்யம் போட்டுடுவோம். அப்படித்தான் பழக்கம்."

"சரி, தியேட்டர்ல என்ன ஆச்சு? நாய் எப்போ துள்ளுச்சு?"

"அதுதான் எனக்கும் புரியலை. அதுக்கு முன்னாடி என் கை பட்டு ஸ்டீல் தட்டு கீழ விழுந்து எங்களுக்கெல்லாம் காதே அடைச்சுப்போச்சு. மேஜை மேல இருந்த நாய் அசையலை. அப்புறம் சார் தொண்டையைப் பார்க்கறதுக்காகத் தலைக்கு மேல இருந்த விளக்கைப் போட்டார். உடனே துள்ளிடுச்சு."

எலிப்பொறி தாள்களை அடுக்கி வைத்தாள். மிக மெதுவாக அடுக்கினாள். அவள் அப்படி அடுக்கினால் பொறிக்குள் ஏதோ நுழைந்துவிட்டது என்று கண்டக்டருக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டரால் பொறுக்க முடியவில்லை. "சொல்லிடுங்க மேடம். இறங்கற வரைக்கும் எனக்குத் தாங்காது."

"தட்டு விழுந்த சத்தத்துக்கு முழிக்காத நாய் விளக்குக்கு முழிக்குது. ஏன்?"

"காதுக்கு மட்டும் ஊசி வேலை செஞ்சிருக்கு."

"ஊசி போடறதுக்கு முன்னாடியும் அந்தக் காது அப்படியே இருந்திருந்தா? பழைய மருந்துதான் போட்டிருக்காங்க. நாய் சும்மா அசதியாப் படுத்திருந்துச்சு. பின்னாடி நின்னு தட்டினது கேக்கலை. அதை ஆழ்ந்த தூக்கம்னு நினைச்சு முழு மார்க் போட்டு, மயக்க ஊசியைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. யாரும் எதையும் மாத்தலை. யாரும் மாத்து ஊசி போடலை."

கண்டக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அதான் பேர் இல்லையா? கூப்பிட்டாலும் கேக்காதுன்னு?"

"வீட்டுல வேற ஆளே இல்லாத ஒரு மனுஷன் நாய்க்குப் பேர் வைக்காம இருப்பாரா? ஆனா காது நல்லா இருக்குன்னு டிக் போட்டிருக்கார். அதைப் பார்த்துட்டு வந்துடுவோம்."

மூன்றாம் மாடி. படியேறும்போதே ஒரு குரல் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். "...பியானோவைத் திறந்தா உள்ளே எலி குட்டி போட்டிருக்கு. அந்தம்மா சோபா மேல ஏறி நின்னுட்டாங்க. நான் சிரிக்கவும் முடியாம, சிரிக்காம இருக்கவும் முடியாம... அவ இருந்திருந்தா இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரிச்சிருப்பா, இல்ல?"

"விருந்தாளி வந்திருக்காங்க போல," என்று கண்டக்டர் கிசுகிசுத்தார். எலிப்பொறி கதவைத் தட்டினாள். குரல் சட்டென்று நின்றது. நாய் குரைக்கவில்லை.

திறந்தவருக்கு அறுபது வயது இருக்கலாம். உள்ளே வேறு மனிதர் யாரும் இல்லை. ஒரு பெரிய பியானோ, குடல் உருவிப் போட்ட இன்னொன்று, சுவரெல்லாம் சுருள் சுருளாகக் கம்பிகள். தரை முழுக்க வெறும் பலகை. பெரிய பியானோவுக்கு அடியில், அதன் காலில் விலாவைச் சாய்த்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கதவு திறந்து வெளிச்சம் தரையில் விழுந்ததும்தான் தலையைத் தூக்கியது.

எலிப்பொறி வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "உங்க நாய்க்குக் காது கேக்குமா சார்?"

"நல்லாக் கேக்கும்." படிக்கட்டு வரை கேட்ட அந்தக் குரல் இப்போது இரண்டு வார்த்தைக்கே திணறியது. "ஃபாரத்துல போட்டிருக்கேனே."

"கூப்பிடுங்களேன், பார்ப்போம்."

"நான் வாயால கூப்பிடறதில்லை. பியானோவுல ஒரு கட்டையைத் தட்டுவேன். வந்துடும்."

பியானோ மூடியின் மேல் அவர் தனக்காக வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எலிப்பொறி பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இடது ஓரத்தில் அடிக்கட்டையை ஓங்கி அடித்தார். எலிப்பொறி திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனாள். பியானோவுக்கு அடியில் இருந்த நாய் எழுந்து, உடம்பை உதறி, நேராக அவரிடம் வந்து முழங்காலில் மோவாயை வைத்தது.

"பார்த்தீங்களா?" என்றார் அவர், நாயின் நெற்றியைத் தடவிக்கொண்டே.

பஸ்ஸில் கட்டிய கோட்டை அத்தனையும் போச்சு. மணி மூன்றேகால். ஐந்து மணிக்கு அந்த நர்ஸ் தெருவில் நிற்பாள்.

"கடைசி ஸ்டாப் மேடம்," என்றார் கண்டக்டர் மெல்ல. "இறங்கிடலாமா?"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து இவ்வளவு நேரம் ஆகியும் தண்ணீர் இன்னும் வட்ட வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவளையே பின்னால் தள்ளிய சத்தம் அது. காது கேட்கிற எந்த நாய் போயும் போயும் அந்தப் பியானோவின் காலில் சாய்ந்து படுக்கும்?

"சார், இப்போ வலது பக்கக் கடைசிக் கட்டை."

"அது எதுக்கு?"

"சும்மாதான்."

அவர் கை நகரவில்லை. கண்டக்டர் நாலு எட்டில் போய், பஸ்ஸில் மணி அடிப்பவர் மாதிரி அந்தக் கடைசிக் கட்டையை டிங், டிங் என்று இரண்டு தடவை தட்டினார். ஊசி போல மெலிந்த சத்தம். பலகையை அதிர வைக்கும் கனம் அதற்கு இல்லை. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. நாயும் திரும்பவில்லை. அது அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்போலேருந்து தெரியும்?" என்று எலிப்பொறி கேட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எடுத்துட்டு வந்த அன்னிக்கே. ஒரு கம்பி அறுந்து வெடி மாதிரி வெடிச்சுது. நான் துள்ளிட்டேன். அது கொட்டாவி விட்டுது."

"தெரிஞ்சேதான் அதுகிட்ட இவ்வளவும் பேசறீங்களா?"

"பகலெல்லாம் அடுத்தவங்க வீட்டுல அடுத்தவங்க பியானோவைக் கேக்கறேன். வீட்டுக்கு வந்தா சொல்றதுக்கு ஒரு முகம் வேண்டியிருக்கு மேடம். என் வீட்டுக்காரி போய் ஏழு வருஷம் ஆச்சு. இது என் வாயையே பார்த்துட்டு உக்காந்திருக்கும். காது கேட்டிருந்தா நான் பாதியைச் சொல்லியிருக்கவே மாட்டேன். கேக்காதுங்கற தைரியத்துலதான் எல்லாத்தையும் சொன்னேன்."

"ஃபாரத்துல ஏன் பொய் டிக்?"

"காது கேக்காத நாயை ஆராய்ச்சியில சேர்க்க மாட்டாங்க. சேர்ந்தா பதினஞ்சு நாள்ல ஆப்பரேஷன். இல்லேன்னா பொது வரிசை, அஞ்சு மாசம். அந்தக் கட்டி அஞ்சு மாசம் பொறுக்காது. அப்புறம் நான் இந்த வீட்டுல..." அவர் கை நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

எலிப்பொறி நர்ஸைப் பற்றிச் சொன்னாள். ஐந்து மணி உத்தரவைப் பற்றியும் சொன்னாள். நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்குத் தெரியாது மேடம். அன்னிக்கு அவங்கதான் நாயைத் தூக்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க. ஒண்ணுமே கேக்கலை."

"அஞ்சு மணிக்கு நான் உண்மையைச் சொல்லியாகணும் சார். உங்களுக்காக அந்தம்மாவை விட்டுட முடியாது. நீங்களே வந்து சொன்னா நல்லா இருக்கும். அதுக்கப்புறம் ஆப்பரேஷன் நடக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

எலிப்பொறியும் கண்டக்டரும் படியிறங்கும்போது மேலே பேச்சுக் குரல் எதுவும் கேட்கவில்லை. இருபது வருடத்தில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். பிடித்தவரைத் திறந்து விட்டுவிடலாமா என்று எலிப்பொறிக்குத் தோன்றியது அன்றுதான் முதல் தடவை.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம். பெரிய டாக்டரின் மேஜையில் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. நர்ஸ் சுவரோரமாக நின்றாள். சின்ன டாக்டர் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"சாட்சி கிடைச்சுதா?" என்றார் பெரிய டாக்டர்.

எலிப்பொறி தொண்டையைக் கனைத்தாள். சொல்லத்தான் வேண்டும். முதல் வார்த்தையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. சுருதி சேர்ப்பவர் மூச்சு வாங்க நின்றார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் பதினேழு.

"இதுக்குக் காது கேக்காது சார். பொறவியிலேருந்தே கேக்காது. எனக்குத் தெரியும், தெரிஞ்சே பொய் எழுதினேன். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர்போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பெரிய டாக்டர் எழுந்து நாய்க்குப் பின்னால் போய், நல்ல கையால் அலமாரிக் கதவை அறைந்தார். நாய் வாலைக்கூட அசைக்கவில்லை. அவர் சின்ன டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஊசிக்கு முன்னாடி தட்டிப் பார்க்கலையா நீ?"

"எந்த நாய்க்குமே பார்க்கலை சார்." அவள் கண் கலங்கியிருந்தது. "பதினேழு தாள்லயும் நானாத்தான் பூஜ்யம் போட்டேன். முழிச்சிருக்கிற நாய்க்குப் பூஜ்யம்தானேன்னு..."

"...நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்று அவளுக்குப் பதிலாக அவரே முடித்தார். பிறகு உத்தரவை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "சிஸ்டர், நீங்க போய் வேலையைப் பாருங்க." அதற்குமேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். சுருதி சேர்ப்பவரிடம் திரும்பினார். "நீங்க எழுதினது பொய். விதி விதிதான். இந்த நாயை ஆராய்ச்சிப் பட்டியல்லேருந்து எடுக்கறேன்."

சுருதி சேர்ப்பவர் தலையை ஆட்டினார்.

நர்ஸ் வேலையைப் பார்க்கப் போகவில்லை. சுவரைவிட்டு நகர்ந்து, நாயை விலகிச் சுற்றி வந்து, அதன் கண்ணுக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தரையை இரண்டு தரம் தட்டினாள். நாய் அவளைப் பார்த்தது, வாலை ஆட்டிக்கொண்டே வந்து அவள் மடியில் தலையை வைத்தது. எலிப்பொறி அதைப் பார்த்தாள். செய்தியை இப்போதுதான் கேட்ட ஒருத்தி இப்படிச் செய்ய மாட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

நர்ஸ் நாயின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு மேஜைக்கு அடியில போய் உக்காந்தப்போ எல்லாரும் கத்தினாங்க. இது அசையவே இல்லை. நான் தரையைத் தட்டினேன். திரும்பிப் பார்த்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்போ மூணு நாளா ஏன் வாயைத் திறக்கலை?" பெரிய டாக்டர் கிட்டத்தட்டக் கத்தினார். "உன் வேலை போகுதுன்னு தெரியாதா?"

"சொன்னா பட்டியல்லேருந்து எடுத்துடுவீங்க சார். இப்போ எடுத்துட்டீங்களே." அவள் நாயின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, கட்டி இருந்த இடத்தை அழுத்தாமல் தாங்கிக்கொண்டாள். "எனக்கு வேற ஆஸ்பத்திரி கிடைக்கும். இதுக்கு வேற தேதி கிடைக்காது. அவர் பெஞ்சுல உக்காந்து இதுகிட்ட பேசிட்டிருந்ததை நான் பார்த்தேன்."

சுருதி சேர்ப்பவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாயிடம் எல்லாவற்றையும் கொட்டத் தெரிந்தவருக்கு மனுஷியிடம் ஒரு வார்த்தை எடுக்க வரவில்லை. கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார்.

பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே நின்றபடிதான் பேசினார். "தட்டாமப் போட்ட மார்க்கை வெச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது. பதினேழும் குப்பை. எல்லாம் முதல்லேருந்து. பட்டியலே இல்லாதப்போ அதுலேருந்து யாரை எடுக்கறது?" கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். "திங்கட்கிழமை காலையில மேஜை காலியாத்தான் இருக்கு. கொண்டு வாங்க. நான் பக்கத்துல நிக்கறேன், வேற டாக்டர் வெட்டுவார். இந்தத் தடவை மயக்க ஊசி முழுசா."

வெளியே வரும்போது சாயங்கால வெயில் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் மிச்சம் இருந்தது. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் எலிப்பொறி உட்கார்ந்தாள். கேஸ் முடிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இல்லை. தொழிலெல்லாம் பொய்யைப் பிடிப்பதாகவே கழிந்துவிட்டது. இன்று பார்த்தது ஒரு நாய்க்காக ஒருவர் சொன்ன பொய்யையும், அதே நாய்க்காக இன்னொருத்தி வேலையைப் பணயம் வைத்துக் காத்த மௌனத்தையும். தனக்காகப் பொய் சொல்ல இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒருவர் முகமும் ஞாபகம் வரவில்லை.

"கண்டக்டர், எனக்காக யாராவது என்னிக்காவது பொய் சொல்லியிருப்பாங்களா?"

"நான் சொல்றேனே," என்றார் அவர், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே. "வாராவாரம்."

"நீங்களா? என்ன பொய்?"

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போன் அடிக்கும். மேடம் ஃப்ரீயா இருக்காங்களான்னு கேப்பாங்க. இன்னிக்கு முடியாதுங்க, வீடு நிறைய சொந்தக்காரங்க வந்திருக்காங்க, மேடத்துக்குத் தலைக்கு மேல வேலைன்னு சொல்லுவேன்." அவர் குரலில் கேலி இல்லை. "ஆறு வருஷமா சொல்றேன். எல்லாரும் நம்பறாங்க."

எலிப்பொறி சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் முதலில் ஏறி, ஜன்னலோரத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டு, ஆள் வருது, ஆள் வருது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.